ஆயிரம் ரூபா தண்டம்: கட்டிவிட்டு வருவதா, நீதிமன்றம் போவதா?

நெல்லியடிச் சந்தியில் வாகனத்தை நிறுத்த இடம் தேடி அலையாதவர்கள் வடமராட்சியில் குறைவு. பொதுச் சந்தை, வங்கிகள், மருந்துக் கடைகள், புடைவைக் கடைகள், பேருந்து நிலையம் எல்லாம் ஒரு சில நூறு மீற்றருக்குள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பிரதான வீதியும் கொடிகாமம் வீதியும் அங்கேதான் சந்திக்கின்றன. ஐந்து நிமிட வேலைக்கு மோட்டார் சைக்கிளையோ வானையோ வீதியோரம் விட்டுவிட்டுப் போகிறவர், திரும்பி வரும்போது போக்குவரத்துப் பொலிஸார் பக்கத்தில் நிற்பதைக் காண்பதும் புதிதல்ல. சாரதி அனுமதிப்பத்திரம் அவர்கள் கைக்குப் போகும். தண்டப் பத்திரம் நம் கைக்கு வரும்.

அதன் பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பேசாமல் கட்டிவிடுவதா, அல்லது நான் பிழை செய்யவில்லை என்று வழக்குக்குப் போவதா?" உறவினரும் நண்பரும் பெரும்பாலும் "கட்டிப்போட்டு அலுவலைப் பாருங்கோ" என்றுதான் சொல்வார்கள். அநேகமான சந்தர்ப்பங்களில் அந்த ஆலோசனை சரியானதுதான். ஆனால் அது எப்போதும் சரியல்ல. ஏன் சரி, எப்போது சரியில்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, பயத்தில் கட்டுவது வேறு. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தண்டப் பத்திரம் என்பது என்ன?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். வீதியில் தரப்படும் தண்டப் பத்திரம் தீர்ப்பு அல்ல. பொலிஸாருக்கு நம்மைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. அது நீதவானுக்கு மட்டுமே உரியது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் நமது வீதிகளை ஆளும் சட்டம். அதில் பின்னர் சேர்க்கப்பட்ட 215அ பிரிவின் கீழ்தான் இந்த உடனடித் தண்டமுறை இயங்குகிறது. நீங்கள் ஒரு குற்றத்தைச் செய்ததாக நம்புவதற்குப் பொலிஸ் உத்தியோகத்தருக்கு நியாயமான காரணம் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமலே குறித்த தொகையைக் கட்டி விடயத்தை முடித்துக்கொள்ளும் வாய்ப்பை அவர் உங்களுக்குத் தருகிறார். அதுதான் இந்தத் தாள். வாய்ப்பை ஏற்றுக்கொண்டு கட்டினால் அந்தக் குற்றத்துக்காக உங்கள் மீது வழக்கு வராது. ஏற்காவிட்டால் வழக்குத் தாக்கல் செய்வார்கள். அவ்வளவுதான்.

எல்லாப் போக்குவரத்துக் குற்றங்களுக்கும் இப்படிக் கட்டி முடிக்க முடியாது. மதுபோதையில் வாகனம் ஓட்டியவர் நேரே நீதிமன்றம் போகத்தான் வேண்டும். 2018 யூலை முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 33 குற்றங்கள் உடனடித் தண்டத்துக்குரியவையாக உள்ளன. அவற்றுள் வாகனத்தை நிறுத்துவது தொடர்பாக இரண்டு உண்டு. ஒன்று, "நிறுத்துதல் அல்லது தரித்தல்" என்ற குற்றம். அதற்கு அந்தப் பட்டியலில் 1,000 ரூபா. மற்றையது, தரிக்கும்போது எடுக்கவேண்டிய முன்னெச்சரிக்கைகளை எடுக்காமை. அதற்கு 2,000 ரூபா. பொதுவாக "வீதி ஒழுங்குகளை மீறியமை" என்று எழுதினால் அதற்கும் 2,000 ரூபா. ஆகவே ஒரே இடத்தில், ஒரே மாதிரி நிறுத்திய வாகனத்துக்கு எந்தக் குற்றம் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தொகை இரட்டிப்பாகலாம். தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைக்காமல் அங்கேயே வாசிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே முதற் காரணம்.

கட்டுவதற்கு 14 நாட்கள் தவணை உண்டு. அந்த நாட்களில் அந்தத் தாளே உங்கள் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம். தபாலகத்தில் பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் பொலிஸ் நிலையத்தில் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். 14 நாட்கள் தாண்டினால் தொகை இரண்டு மடங்காகும். 28 நாட்களுக்குள்ளும் கட்டாவிட்டால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். நெல்லியடிப் பகுதி என்றால் அது பருத்தித்துறை நீதவான் நீதிமன்றம்.

"நான் வாகனத்துக்குள்தானே இருந்தேன்"

தண்டம் எழுதப்படும்போது சாரதிகள் சொல்லும் காரணங்களில் சில சட்டத்தின் முன் நிற்காது. அவற்றை நம்பி வழக்குக்குப் போவது வீண்.

"இயந்திரத்தை நிற்பாட்டவில்லை, நான் ஆசனத்தில்தான் இருந்தேன், இது தரித்தல் இல்லை" என்பது ஒன்று. குற்றத்தின் பெயரை மறுபடியும் பாருங்கள்: நிறுத்துதல் அல்லது தரித்தல். ஆளை இறக்குவதற்காக ஒரு நிமிடம் நிறுத்தினாலும், நிறுத்தக்கூடாத இடம் என்றால் அது குற்றமாகலாம்.

"எனக்கு முன்னால் இன்னும் நான்கு வாகனம் நின்றது, அவர்களுக்கு எழுதவில்லை" என்பது இன்னொன்று. இது நியாயமான ஆத்திரம். ஆனால் மற்றவர் தப்பியது உங்கள் குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

மூன்றாவது, அதிகம் கேட்கும் வாதம்: "அறிவித்தல் பலகை இல்லை." இதில் பாதி உண்மை உண்டு. சந்திக்கு மிக அருகில், பாதசாரிக் கடவையில், பேருந்துத் தரிப்பிடத்தில், வளைவில், பாலத்தில் நிறுத்தக்கூடாது என்பதற்குப் பலகை தேவையில்லை. அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதே நாம் படித்திருக்க வேண்டிய விதிகள் அவை. ஆனால் சாதாரணமாக நேரே போகும் வீதியின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரிடத்தில், "இங்கே தடை" என்று சொல்லித் தண்டம் எழுதப்பட்டால், அந்தத் தடை எங்கே அறிவிக்கப்பட்டது என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. வழக்காடுவதற்குப் பொருள் உள்ள இடம் பெரும்பாலும் இதுதான்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெல்லியடியில் பேருந்துத் தரிப்பிடத்தை ஒரு வான் மறித்து நின்றால், 750 இலக்கப் பேருந்து வீதியின் நடுவில் நின்றுதான் ஆட்களை இறக்கும். இறங்குகிற பாட்டியும் பாடசாலைப் பிள்ளையும் ஓடுகிற வாகனங்களுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். ஆயிரம் ரூபா தண்டம் கூட அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அப்படியான இடத்தில் நிறுத்தியவர் சட்ட நுணுக்கம் தேடுவதை விடக் கட்டிவிட்டுப் போவதே நல்லது.

வீதி ஒருவருடையது, சந்தை ஒருவருடையது, தண்டம் இன்னொருவருடையது

"எங்கே நிறுத்தலாம்?" என்ற எளிய கேள்விக்கு நெல்லியடியில் விடை சொல்ல வேண்டியவர்கள் மூன்று தரப்பினர்.

பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் உருவாக்கப்பட்ட அந்தச் சபை மத்திய அரசாங்கத்தின் கீழ் வருகிறது. சந்தையும் உள்ளூர் வீதிகளும் வாகனத் தரிப்பிட ஏற்பாடுகளும் பிரதேச சபையின் வேலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அவை துணைவிதிகளை ஆக்கலாம், கட்டணம் அறவிடலாம். தண்டம் எழுதுவது பொலிஸ். அது மீண்டும் மத்திய அரசாங்கத்தினது.

இந்த மூன்றும் ஒன்றாக இருந்து பேசாத நகரத்தில் நடப்பது என்ன? கடைகளும் வங்கிகளும் பெருகும். வாகனங்கள் பெருகும். தரிப்பிடம் பெருகாது. வெள்ளைக் கோடும் மஞ்சட் கோடும் அழிந்துபோகும். எங்கே தடை என்பது சாரதிக்குத் தெரியாது, அங்கே புதிதாக மாற்றலாகி வந்த பொலிஸ் உத்தியோகத்தருக்கும் சில வேளை தெரியாது. தண்டம் மட்டும் ஒழுங்காக எழுதப்படும்.

இங்கே கட்டணத்தையும் தண்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்ளூராட்சி மன்றமோ அதன் குத்தகைக்காரரோ தரிப்பிடத்துக்குத் துண்டு கொடுத்து வாங்குவது கட்டணம். அது இடத்தைப் பயன்படுத்தியதற்கான விலை. அந்தத் துண்டைக் கட்டவில்லை என்பதற்காக அந்த ஊழியர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்க முடியாது. பொலிஸ் தருவது தண்டம். இரண்டிலும் முறைப்பாடு செய்யும் இடங்கள் வேறு வேறு.

எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது?

வடக்கில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தாளின் அச்சு வாசகங்கள் மும்மொழியில் இருந்தாலும், கையால் நிரப்பப்படும் பகுதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது தமிழ் மட்டும் தெரிந்த சாரதிக்கு விளங்காமல் போகலாம். எந்தக் குற்றம், எந்த இடம், எந்த நேரம் என்ற மூன்றும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆம் திருத்தம், வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்றும், அங்குள்ள நீதிமன்றங்களின் மொழியும் தமிழே என்றும் ஏற்பாடு செய்தது. ஆகவே, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்பது வாய்த்தர்க்கம் அல்ல, உரிமை. அமைதியாகவும் மரியாதையாகவும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், கேட்டோம், பதில் வரவில்லை என்பதை நேரத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டப் பத்திரம் சிங்களத்தில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் விடுதலை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்வதற்கு அது போதுமான காரணம்.

அந்த இடத்தில் செய்யவேண்டியவை

கட்டுவதா வழக்காடுவதா என்பதை வீதியில் நின்று தீர்மானிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் இருக்கிறது. ஆனால் வழக்காட வேண்டி வந்தால் தேவைப்படும் சான்றுகளை அந்தப் பத்து நிமிடத்தில்தான் சேர்க்க முடியும்.

வாகனம் நின்ற இடத்தை நான்கு பக்கமும் தொலைபேசியில் படம் பிடியுங்கள். வாகனத்தை நகர்த்துவதற்கு முன் பிடிப்பது முக்கியம். அருகில் பலகை இருக்கிறதா, கோடு இருக்கிறதா, சந்திக்கும் கடவைக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியவேண்டும். பொலிஸ் உத்தியோகத்தரின் முகத்தைப் படம்பிடித்துப் பிரச்சினையை வளர்க்க வேண்டியதில்லை. வீதியைப் பிடித்தால் போதும். அவருடைய இலக்கமும் பொலிஸ் நிலையத்தின் பெயரும் தாளில் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் கண்டிருந்தால், தேவைப்பட்டால் வந்து சொல்வாரா என்று அன்றைக்கே கேளுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

இன்னொரு வழியும் வீதியில் காட்டப்படுவதுண்டு. தாள் எழுதாமல் விடுவதற்கு ஒரு தொகை. அது தண்டத்தை விடக் குறைவாக இருப்பதால் இலாபம் போலத் தோன்றும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளி. ஆயிரம் ரூபாவோடு முடியக்கூடிய விடயத்தைச் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய விடயமாக மாற்றுவது இலாபம் அல்ல. யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது.

நீதிமன்றம் போனால் என்ன நடக்கும்?

தண்டத்தைக் கட்டாமல் விட்டால் குறித்த தவணையில் நீதவான் முன் நிற்க வேண்டும். குற்றப்பத்திரிகை வாசித்துக் காட்டப்படும். குற்றவாளி என்றோ சுற்றவாளி என்றோ சொல்ல வேண்டும். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கே தண்டம் விதிக்கப்பட்டு முடியும். ஆனால் அந்தத் தொகை தாளில் இருந்த ஆயிரம் ரூபாதான் என்ற உத்தரவாதம் இல்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் நீதவான் தீர்மானிப்பார். ஆகவே "கோட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டு கட்டுவோம்" என்பதில் எந்த நன்மையும் இல்லை. ஒப்புக்கொள்வதென்றால் தபாலகத்திலேயே ஒப்புக்கொள்ளலாம்.

சுற்றவாளி என்று சொன்னால் விசாரணைக்குத் தவணை இடப்படும். அங்கே நிலைமை மாறுகிறது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநருடையது. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். தண்டம் எழுதிய உத்தியோகத்தர் சாட்சி சொல்ல வேண்டும். அவரை நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ குறுக்கு விசாரணை செய்யலாம். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, நேரிலோ சட்டத்தரணி மூலமாகவோ கேட்கப்படும் உரிமையை எவருக்கும் தருகிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை சுற்றவாளி என்று கருதப்படும் உரிமையும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது. கொலை வழக்குக்கு உள்ள அதே பாதுகாப்பு வாகனத் தரிப்பு வழக்குக்கும் உண்டு.

தவணைக்குப் போகாமல் விடுவது மட்டும் கூடாது. அப்போது பிடியாணை வரும். ஆயிரம் ரூபா விடயம் கைது வரை போவது இப்படித்தான். அதேபோல, தற்காலிக அனுமதியின் 14 நாள் முடிந்த பிறகு அந்தத் தாளைக் காட்டி வாகனம் ஓட்டவும் முடியாது. வழக்காட முடிவெடுப்பவர், தவணை வரை எந்த ஆவணத்தோடு ஓட்டுவது என்பதைப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்த்தால்

ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியை எடுத்துக்கொள்வோம். செலவு போக நாளுக்கு 3,000 ரூபா உழைக்கிறார் என்று வைப்போம். வழக்கு ஒரே தவணையில் முடியாது. குறைந்தது இரண்டு நாள் என்றாலே 6,000 ரூபா உழைப்பு போய்விட்டது. உத்தியோகத்தர் அன்றைக்கு வரவில்லை என்றால் இன்னொரு தவணை. சட்டத்தரணி வைத்தால் அதற்கு வேறு. இவ்வளவும் வென்றால் மிஞ்சுவது 1,000 ரூபா. வென்றவருக்கு இழந்த நாட்கூலியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் மனதுக்குள் போடுகிறோம். இது சரியான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. நாம் கட்டுவதற்குக் காரணம் நாம் பிழை செய்தோம் என்பதல்ல, மறுப்பதற்கு ஆகும் செலவு கட்டுவதை விட அதிகம் என்பதே. பிழை செய்தவரும் கட்டுகிறார், செய்யாதவரும் கட்டுகிறார். தண்டம் சரியாக எழுதப்பட்டதா, பிழையாக எழுதப்பட்டதா என்பதை யாரும் ஒருபோதும் சோதிப்பதில்லை. சோதிக்கப்படாத அதிகாரம் கவனமாகப் பயன்படுத்தப்படும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

என்னிடமும் அப்படியொரு தாள் பன்னிரண்டு நாள் இருந்தது. குடாநாட்டின் ஒரு நகரில், பலகையோ கோடோ இல்லாத வீதியோரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதற்கு எழுதப்பட்டது. படங்கள் என்னிடம் இருந்தன. வழக்காடினால் வெல்லலாம் என்று சட்டம் தெரிந்த ஒருவரும் சொன்னார். ஆனாலும் நான் கட்டினேன். மாதக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிற்க என் வேலை இடம் தரவில்லை. கட்டிய அதே கிழமை, அந்த வீதிக்குப் பொறுப்பு என்று நான் கருதிய நிறுவனத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். அந்தப் பகுதியில் வாகனம் தரிக்கத் தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலைக் கேட்டேன். அப்படி ஒரு பட்டியல் தங்களிடம் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

அந்தக் கடிதம் என் ஆயிரம் ரூபாவைத் திருப்பித் தராது. ஆனால் அதே இடத்தில் அடுத்ததாகத் தண்டம் பெறுகிறவர் வழக்காட நினைத்தால் அவர் கையில் கொடுக்க ஒரு ஆவணம் இருக்கிறது. கட்டுவதும் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அதன் பிறகு பலருக்கும் சொல்லி வருகிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தங்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கவனியுங்கள்: தண்டம் கட்ட உங்களுக்கு 14 நாட்காட்டி நாட்கள், தகவல் தர அவர்களுக்கு 14 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தால் பதில் வருவதற்குள் தண்டத் தவணை முடிந்துவிடும். ஆகவே தகவல் விண்ணப்பத்தை உங்கள் சொந்தத் தண்டத்துக்கான மருந்தாக நினைக்காமல், ஊருக்கான வேலையாக நினைத்துச் செய்வதே நல்லது. வர்த்தகர் சங்கமோ முச்சக்கரவண்டிச் சாரதிகள் சங்கமோ செய்தால் இன்னும் நல்லது.

எப்போது வழக்காட வேண்டும்?

என் அபிப்பிராயத்தில் நான்கு சந்தர்ப்பங்களில் கட்டாமல் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒன்று, தாளில் உள்ள விபரமே பிழை: வாகன இலக்கம், இடம், நேரம், ஆள். இரண்டு, நடந்ததற்குப் பொருந்தாத பெரிய குற்றம் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று, தடை எங்கும் அறிவிக்கப்படாத இடம், அதற்குப் படமும் சாட்சியும் உண்டு. நான்கு, அதே இடத்தில் பலருக்கு இப்படி எழுதப்படுகிறது, செலவைப் பகிர்ந்துகொண்டு ஒருவருடைய வழக்கை எல்லோருக்குமாக நடத்த ஒரு சங்கம் தயாராக இருக்கிறது.

வழக்காடுவதற்கு முன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். தெளிவான எழுத்துப் பிழை என்றால் அங்கேயே தீரலாம். உத்தியோகத்தரின் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உண்டு. ஆனால் இவை எதுவும் 14 நாள் கடிகாரத்தை நிறுத்தாது என்பதை மறக்கக்கூடாது. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவச ஆலோசனை கேட்கலாம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் என்ன செய்கிறார்கள்?

நம் வாசகர்களில் பலருக்கு வேறு நாட்டுத் தண்டமும் பழக்கம். இலண்டனில் மாநகர சபை தரும் தரிப்புத் தண்டத்தை 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். மறுக்க விரும்பினால் முதலில் சபைக்கே எழுதலாம். சபை நிராகரித்தால் சுயாதீனத் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, வீட்டிலிருந்தே படங்களை அனுப்பலாம். ரொறன்ரோ மாநகரம் 2017 ஓகஸ்டில் தரிப்புத் தண்டங்களை நீதிமன்றத்திலிருந்து எடுத்து, நிர்வாக விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்தது.

அங்கேயும் எல்லோரும் வெல்வதில்லை. இங்கிலாந்தில் செம்ஸ்போர்ட் நகரின் கடைத்தொகுதித் தரிப்பிடம் ஒன்றில், இரண்டு மணிநேர இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நிறுத்திய பெவிஸ் என்பவர், தனியார் நிறுவனம் கேட்ட 85 பவுண்சைக் கட்ட மறுத்து உயர் நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பில் முக்கியமாகக் கருதப்பட்ட ஒரு விடயம், தரிப்பிடத்தில் பெரிய, தெளிவான அறிவித்தல் பலகைகள் இருந்தன என்பது. சாரதிக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதால்தான் அந்தத் தொகை செல்லும் என்றாயிற்று. தண்டம் அறவிட விரும்புகிறவர் முதலில் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பது நெல்லியடிக்கும் பொருந்தும் நியாயம்தானே.

நம்மிடம் இல்லாதது அந்த நடுப்படிதான். இங்கே ஒரு பக்கம் தபாலகம், மறுபக்கம் நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவில், செலவில்லாமல் "இது பிழை, பாருங்கள்" என்று சொல்ல ஓர் இடம் இல்லை.

வேகமாகக் கட்டலாம், வேகமாக மறுக்க முடியாது

2025 ஏப்ரலில் குருநாகல் - அநுராதபுரம் பாதையில் தண்டத்தைத் தொலைபேசி மூலம் அந்த இடத்திலேயே கட்டும் 'கவ்பே' முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. கட்டியவுடன் அனுமதிப்பத்திரம் கையில். கொழும்பிலிருந்து வந்து வடக்கில் தண்டம் பெற்றவர் அனுமதிப்பத்திரத்துக்காகத் திரும்பி வரத் தேவையில்லை. இது நல்ல வசதி. தாள் எழுதாமல் காசு வாங்கும் பழக்கத்தையும் இது குறைக்கலாம்.

ஆனால் இந்த வசதி ஒரு பக்கத்துக்கு மட்டுமே. கட்டுவதற்கு இரண்டு நிமிடம், மறுப்பதற்கு ஆறு மாதம் என்றால் மறுப்பவர்கள் இன்னும் குறைவார்கள். பணம் வாங்கும் அதே செயலியில் படத்தோடு ஓர் ஆட்சேபனையைப் பதிவு செய்யும் வசதியையும், அதைப் பொலிஸ் அல்லாத ஒருவர் பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாட்டையும் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆட்சேபனை முடியும் வரை 14 நாள் கணக்கு ஓடாமல் நிற்க வேண்டும். அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் தேவை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கக்கூடிய சிறிய, செய்யக்கூடிய கோரிக்கை இது.

அதுவரை, தாள் கிடைத்தால் அங்கேயே வாசியுங்கள், படம் எடுங்கள், இரண்டு நாள் யோசியுங்கள். பேருந்துத் தரிப்பிடத்திலோ கடவையிலோ நிறுத்தியிருந்தால் முணுமுணுக்காமல் கட்டுங்கள். பிழையாக எழுதப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்து, நாளும் பொருளும் கையில் இருந்தால் பருத்தித்துறைக்குப் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் கட்டிவிட்டு, ஒரு தாளை எடுத்துப் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுதுங்கள்: இங்கே எங்கே வாகனம் நிறுத்தலாம்?